கோடிங் உதவியாளருக்கு நீடித்த நினைவு: ஓப்பன் சோர்ஸ் கருவிகளோடு ஒரு முழு வழிகாட்டி

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு பழைய ப்ராஜெக்டில் தேதிக்கென்று ஒரு ஃபீல்டு இருக்கிறது. உள்ளூர் நேரம், அதுவும் வெறும் டெக்ஸ்டாக. யார் பார்த்தாலும் தப்பு என்றுதான் சொல்வார்கள். ஆனால் இரவில் ஓடும் இன்னொரு பழைய புரோகிராம் அந்த ஃபீல்டை எழுத்து எழுத்தாகப் படிக்கிறது. வடிவம் மாறினால் அது படுத்துவிடும். இதை ஒரு திங்கட்கிழமை ஏஐ உதவியாளரிடம் விளக்கினேன். புரிந்தது என்று சொல்லி, அந்த ஃபீல்டைத் தொடாமல் வேலையை முடித்துக் கொடுத்தது. புதன்கிழமை புதிய செஷன் திறந்தேன். "தேதியை யூடிசி-க்கு மாற்றிச் சரிசெய்துவிட்டேன்" என்றது (யூடிசி என்பது உலகப் பொது நேரம்). மறுபடி விளக்கினேன். அடுத்த வாரம் மறுபடியும் மாற்றியபோது நான் கவனிக்கவில்லை. பெரிய மாற்றம் ஒன்றுக்குள் அந்த ஒரு வரி ஒளிந்திருந்தது. அன்று இரவு அறிக்கை வரவில்லை.

மறுநாள் காலை ரெப்போவில் (ப்ராஜெக்டின் கோட் முழுவதும் இருக்கும் ஃபோல்டரில்) ஒரு ஃபைலைத் திறந்து இரண்டு வரி எழுதினேன். அதற்கப்புறம் அந்த ஃபீல்டை அது தொடவே இல்லை.

அந்த இரண்டு வரியிலிருந்து தொடங்கி, கிராஃப் டேட்டாபேஸ் (தகவல்களை அவற்றின் உறவுகளோடு சேர்த்து வைக்கும் சேமிப்பு) வரைக்கும் போகிற வழி இது. பல கருவிகளைப் போட்டுப் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்றுதான்: எதை எழுதி வைக்கிறோம் என்பதில்தான் பாதிக்கு மேல் பலன் கிடைக்கிறது, கருவியின் பங்கு அதற்கு அப்புறம். அதனால் எளியதில் தொடங்கி, போதவில்லை என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போகிற மாதிரி அடுக்கியிருக்கிறேன். இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டாலும் நஷ்டமில்லை.

ஏன் மறக்கிறது

மொழி மாடலுக்குள் உங்கள் ப்ராஜெக்ட் பற்றி எதுவும் தங்குவதில்லை. ஒவ்வொரு முறை நீங்கள் எண்டர் தட்டும்போதும், அதுவரை நடந்த உரையாடல், அது படித்த ஃபைல்கள், கருவிகள் தந்த விடைகள் எல்லாம் சேர்ந்து மொத்தமாக மாடலுக்குப் போகின்றன. இந்த மொத்தத்துக்கு ஓர் அளவு உண்டு; அதுதான் கான்டெக்ஸ்ட் விண்டோ. செஷனை மூடினால் அந்த மொத்தமும் போய்விடும். ஒரே செஷன் நீண்டுகொண்டே போனாலும் சிக்கல்தான்: அளவு நிரம்பும்போது பெரும்பாலான உதவியாளர்கள் பழைய உரையாடலைச் சுருக்கி, சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொள்கின்றன. "அந்த ஃபீல்டைத் தொடாதே" மாதிரியான சின்ன வாக்கியங்கள் அந்தச் சுருக்கத்தில் காணாமல் போவது சாதாரணம்.

விண்டோவைப் பெரிதாக்கினால் தீருமே என்று தோன்றலாம். முழுதாகத் தீராது. நீளமான கான்டெக்ஸ்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதை மாடல்கள் நன்றாகப் பிடிக்கின்றன, நடுவில் இருப்பதைக் கோட்டைவிடுகின்றன என்று 2023-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதற்குப் பிறகு மாடல்கள் நிறையத் தேறியிருக்கின்றன. ஆனாலும் எல்லாவற்றையும் கொட்டி வைத்தால் முக்கியமானது அமுங்கிப்போகும் என்பதை இன்றைக்கும் வேலையில் பார்க்கிறேன்.

ஆகவே "நினைவு" என்று எந்தக் கருவி சொன்னாலும், உள்ளே நடப்பது ஒன்றே: எங்கோ ஓர் இடத்தில் எழுதி வைத்த டெக்ஸ்டைச் சரியான நேரத்தில் எடுத்து கான்டெக்ஸ்டுக்குள் வைப்பது. எங்கே எழுதுகிறது, எப்போது எழுதுகிறது, எதைப் பார்த்துத் திரும்ப எடுக்கிறது என்ற மூன்று கேள்வியை எந்தக் கருவியிடமும் கேட்டுப் பாருங்கள். விளம்பரச் சொற்களைத் தாண்டி அது என்ன செய்கிறது என்பது அப்போது தெளிவாகிவிடும்.

படி 1: எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள்?

எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். ஒரு வாரம், வழக்கம்போல் வேலை பாருங்கள். உதவியாளரிடம் ஏற்கெனவே சொன்ன ஒன்றைத் திரும்பச் சொல்ல நேரும் ஒவ்வொரு முறையும் அதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அது செய்ததைத் திருத்தும் இடங்களையும் குறியுங்கள்.

வாரக் கடைசியில் அந்தப் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று வகை இருக்கும். முதலாவது, எப்போதும் மாறாத விதிகள்: டெஸ்டை இந்தக் கட்டளையால் ஓட்டு, இந்த ஃபோல்டர் தானாக உருவாவது, கையால் திருத்தாதே. இரண்டாவது, நடந்துகொண்டிருக்கும் வேலையின் நிலை: நேற்று எங்கே விட்டோம், எது பாதியில் இருக்கிறது. மூன்றாவது, முடிவுகளும் அவற்றின் காரணங்களும்: ஏன் இந்த லைப்ரரி, ஏன் அது வேண்டாம் என்று விட்டோம்.

இந்த மூன்றும் வெவ்வேறு வேகத்தில் பழசாகின்றன. விதிகள் மாதக்கணக்கில் நிற்கும், வேலையின் நிலை மறுநாளே மாறும், முடிவின் காரணமோ வருடக் கணக்கில் தேவைப்படும். மூன்றையும் ஒரே பெட்டியில் போடுவதுதான் நினைவுக் கருவிகளில் பலர் ஏமாறும் இடம். அதனால் அடுத்து வரும் படிகளில் இவற்றைத் தனித்தனியாக வைப்போம்.

படி 2: விதிகளுக்கு ஒரு ஃபைல்

ரெப்போவின் மேல்மட்டத்தில் ஒரு மார்க்டவுன் ஃபைல் (எளிய குறிகளோடு எழுதும் டெக்ஸ்ட் ஃபைல்). அவ்வளவுதான். பெயரில் மட்டும் கவனம் வேண்டும், ஏனென்றால் உதவியாளர் அந்தப் பெயரைத்தான் தேடும். ஏஜென்ட்ஸ்.எம்டி (ஏஜென்ட்ஸ் என்பது முழுக்கப் பெரிய எழுத்தில்) இப்போது பொது வடிவமாகியிருக்கிறது. கோடெக்ஸ், கர்சர் உட்படப் பல கோடிங் உதவியாளர்கள் அதைத் தானாகவே படிக்கின்றன. கிளாட் கோட் என்ற உதவியாளர் தேடுவது கிளாட்.எம்டி. இரண்டையும் பயன்படுத்துபவர்கள் இரண்டு நகல் வைத்துத் திண்டாட வேண்டாம்: கிளாட்.எம்டி-க்குள் @ குறி போட்டு ஏஜென்ட்ஸ்.எம்டி-யின் பெயரை எழுதினால், அது அந்த ஃபைலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். எய்டர் என்ற உதவியாளரைப் பயன்படுத்துபவர்கள் தங்கள் விதி ஃபைலைத் தொடக்கத்திலேயே படிக்கும்படி அதன் கான்ஃபிக் ஃபைலில் சொல்லி வைக்கலாம்.

என்ன எழுதுவது? எனக்குப் பலன் தந்த அந்த இரண்டு வரி இவை:

"ஆர்டர் டேபிளில் உள்ள தேதி ஃபீல்டு உள்ளூர் நேர டெக்ஸ்டாகவே இருக்க வேண்டும். யூடிசி-க்கு மாற்றாதே, டைப்பையும் மாற்றாதே.
காரணம்: இரவு அறிக்கை புரோகிராம் இதை எழுத்து எழுத்தாகப் படிக்கிறது; அதன் மூலக் குறியீடு நம்மிடம் இல்லை."

இரண்டாவது வரிதான் முக்கியம். முதலில் நான் விதியை மட்டும் எழுதியிருந்தால், வேறொரு ஃபைலில் அந்தத் தேதியைப் பயன்படுத்தும் இடத்தில் அது "சரிசெய்து" தந்திருக்கும். காரணம் தெரிந்ததால், நான் எழுதாத இடங்களிலும் சரியாக நடந்துகொண்டது. ஒரு முறை, புதிதாக ஒரு ஏபிஐ (மற்ற புரோகிராம்கள் அழைக்கும் வாயில்) எழுதச் சொன்னபோது, வெளியே யூடிசி தந்துவிட்டு, டேட்டாபேஸில் எழுதும் இடத்தில் மட்டும் பழைய வடிவத்துக்குத் திருப்பிப் போட்டது. நான் கேட்கவே இல்லை.

கோடைப் படித்தாலே தெரியும் விஷயங்களை எழுத வேண்டாம். எந்த ஃபோல்டரில் எந்த ஃபைல் இருக்கிறது, எந்த ஃப்ரேம்வொர்க் என்பதையெல்லாம் அது தானே பார்த்துக்கொள்ளும். "தரமான கோட் எழுது" போன்ற பொதுவான உபதேசங்களாலும் பயனில்லை. கோடில் தெரியாதது என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்: காரணம், வரலாறு, வெளியே உள்ள கட்டுப்பாடு, தோற்றுப்போன முயற்சி. இவைதான் எழுத வேண்டியவை.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஃபைல் ஒவ்வொரு செஷனிலும் முழுதாகப் படிக்கப்படுகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இங்கே அப்படியே பொருந்தும். ஒரு திரையில், மிஞ்சினால் இரண்டு திரையில் அடங்கும் அளவுக்கு வைத்திருக்கிறேன். ஒரு ஃபோல்டருக்கு மட்டும் உரிய விதி என்றால், அந்த ஃபோல்டருக்குள்ளேயே தனி ஃபைலாக வைக்கலாம். பல கருவிகள் அங்கே வேலை செய்யும்போது அதைப் படிக்கும்.

படி 3: நேற்று எங்கே விட்டோம்

இரண்டாவது வகைக்கு, அதாவது வேலையின் நிலைக்கு, கிளைன் என்ற ஓப்பன் சோர்ஸ் உதவியாளரைச் சுற்றி வளர்ந்த "மெமரி பேங்க்" என்ற முறை நல்ல தொடக்கம். இது தனி சாஃப்ட்வேர் இல்லை. ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆறு மார்க்டவுன் ஃபைல்: ப்ராஜெக்டின் நோக்கம், பயனருக்கு அது எதற்கு, இப்போது நடக்கும் வேலை, கட்டமைப்பு, தொழில்நுட்பச் சூழல், முன்னேற்றம். ஒவ்வொரு வேலையின் தொடக்கத்திலும் இவற்றைப் படி, முடிவில் புதுப்பி என்று உதவியாளரின் விதிகளில் எழுதி வைப்பார்கள். கிளைனில் பிறந்தாலும், வேறு எந்த உதவியாளரோடும் இதைப் பயன்படுத்தலாம்.

ஆறு ஃபைலும் எனக்கு அதிகமாக இருந்தது. நான்கில் எழுதியதையே திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டுதான் வைத்திருக்கிறேன்: ஒன்று "நடப்பு", இன்னொன்று "முடிவுகள்".

நடப்பு ஃபைலை செஷனை மூடுவதற்கு முன் உதவியாளரையே எழுதச் சொல்வேன். சொல்லும் முறை முக்கியம். "சுருக்கம் எழுது" என்றால் செய்த பெருமையெல்லாம் எழுதி ஒரு பக்கத்தை நிரப்பிவிடும். நான் கேட்பது இது: "நாளை இந்த ப்ராஜெக்ட் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் இந்த வேலையைத் தொடரப்போகிறார். அவருக்கு வேண்டியதை மட்டும் பத்து வரிக்குள் எழுது. செய்து பார்த்துத் தோற்றதைக் கட்டாயம் எழுது. பழையதை அழித்துவிட்டு எழுது."

அப்படி வந்த ஒன்று:

"செய்வது: பதிவேற்றும் ஃபைல்களைத் துண்டு துண்டாக வாங்குவது.
நிலை: சர்வர் பக்கம் முடிந்தது, டெஸ்ட் பாஸ் ஆகிறது. பிரவுசர் பக்கம் தொடங்கவில்லை.
தோற்றது: துண்டுகளை மெமரியில் சேர்த்து வைப்பது. பெரிய ஃபைலில் புராசஸ் செத்துவிட்டது. அதனால் டிஸ்கில் தற்காலிக ஃபைலாக எழுதுகிறோம்.
அடுத்தது: பாதியில் நின்ற பதிவேற்றத்தின் தற்காலிக ஃபைல்களை யார் அழிப்பது என்று முடிவு செய்ய வேண்டும்."

"தோற்றது" என்ற அந்த வரி இல்லாவிட்டால், மறுநாள் அது உற்சாகமாக மெமரியில் சேர்க்கும் யோசனையோடுதான் வந்து நிற்கும். வெற்றி கோடிலேயே இருக்கிறது. தோல்விக்குத்தான் வேறு சாட்சி இல்லை.

முடிவுகள் ஃபைலில் அழிப்பது கிடையாது, அடியில் சேர்த்துக்கொண்டே போவது. தேதி, முடிவு, காரணம், விட்ட மாற்று வழி என நான்கு வரி. இது ஏஐ வருவதற்கு முன்பே உள்ள பழக்கம்தான். கட்டமைப்பு முடிவுகளை இப்படிச் சின்னக் குறிப்புகளாக எழுதி வைக்கும் முறையை மைக்கேல் நைகார்டு 2011-இல் முன்வைத்தார். அன்று மனிதர்களுக்காக எழுதியது இன்று உதவியாளருக்கும் அப்படியே உதவுகிறது. இந்த ஃபைலை ஒவ்வொரு முறையும் முழுதாகப் படிக்க வைக்க வேண்டாம். "கட்டமைப்பை மாற்றும் முன் முடிவுகள் ஃபைலில் தேடு" என்று விதி ஃபைலில் ஒரு வரி போதும்.

கருவிகள் சில, செஷன் தொடங்கும்போது, கான்டெக்ஸ்ட் சுருங்குவதற்கு முன், செஷன் முடியும்போது என்று குறிப்பிட்ட தருணங்களில் நம் ஸ்கிரிப்டை ஓட்ட வழி தருகின்றன. கிளாட் கோடில் இதற்கு ஹூக் என்று பெயர். செஷன் தொடங்கும் ஹூக்கில் நடப்பு ஃபைலை அச்சிடும் ஒரு வரி ஸ்கிரிப்ட் வைத்தால், அது அச்சிடுவது கான்டெக்ஸ்டில் சேர்ந்துவிடும். "முதலில் அந்த ஃபைலைப் படி" என்று தினமும் தட்ட வேண்டிய வேலை மிச்சம்.

படி 4: எம்சிபி வழியாக ஒரு நினைவு சர்வர்

ஃபைல்கள் போதாமல் போவது எப்போது? இரண்டு மூன்று ரெப்போ சேர்ந்து ஒரே சிஸ்டமாக இருக்கும்போது. ஒரே நாளில் இரண்டு உதவியாளர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்போது. குறிப்புகள் நூற்றுக்கணக்கில் பெருகி, தேடித்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை வரும்போது. அப்போது எம்சிபி கைகொடுக்கும். மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற இந்தத் திறந்த தரத்தை, கிளாட்டை உருவாக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. உதவியாளரும் வெளிக் கருவியும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். நினைவைத் தரும் சர்வர் ஒன்றை ஓடவிட்டால், எம்சிபி தெரிந்த எந்த உதவியாளரும் அதோடு இணையலாம்.

முதலில் முயல வேண்டியது எம்சிபி-யின் மாதிரி சர்வர்களில் ஒன்றான "மெமரி". எம்ஐடி உரிமத்தில் வெளிவந்தது, சின்னது, உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

கணினியில் நோட்.ஜேஎஸ் இருக்க வேண்டும். உதவியாளரின் எம்சிபி கான்ஃபிக் ஃபைலைத் திறங்கள். கிளாட் கோட் என்றால் ப்ராஜெக்டின் மேல்மட்டத்தில் புள்ளியில் தொடங்கும் எம்சிபி.ஜேசன், கர்சர் என்றால் அதன் புள்ளி-கர்சர் ஃபோல்டருக்குள் உள்ள எம்சிபி.ஜேசன். அதில் புதிய சர்வர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கட்டளை என்பிஎக்ஸ் (நோட்.ஜேஎஸ்-ஓடு வரும், பேக்கேஜை இறக்கி ஓட்டும் கருவி). ஆர்கியுமென்டாக முதலில் ஹைஃபன் ஒய், அடுத்து பேக்கேஜின் பெயர்: @ குறி, இடைவெளி இல்லாமல் மாடல்கான்டெக்ஸ்ட்புரோட்டோகால், ஒரு சாய்கோடு, சர்வர், ஹைஃபன், மெமரி. எல்லாம் சிறிய எழுத்து.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். மெமரி ஃபைல் பாத் என்ற என்விரான்மென்ட் வேரியபிளையும் (பெரிய எழுத்தில், சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு) முழுப் பாதையோடு கொடுங்கள். கொடுக்காவிட்டால் சர்வர் தன் பேக்கேஜ் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே நினைவு ஃபைலை எழுதும். என்பிஎக்ஸின் கேஷைத் துடைத்தாலோ புதிய பதிப்பு இறங்கினாலோ அந்த ஃபைல் உங்கள் கைக்கு எட்டாமல் போய்விடும். மூன்று வாரக் குறிப்புகளை நான் இப்படி இழந்தேன். பாதையைக் கொடுத்துவிட்டு உதவியாளரை மூடித் திறங்கள். கருவிகளின் பட்டியலில் மெமரி தெரிந்தால் சரி.

இது நினைவை மூன்று பொருளாக வைக்கிறது. என்டிட்டி என்பது பெயருள்ள ஒரு பொருள்: ஒரு சேவை, ஒரு டேபிள், ஒரு லைப்ரரி. அப்சர்வேஷன் என்பது அதைப் பற்றிய ஒரு சின்ன உண்மை. ரிலேஷன் என்பது இரண்டு பொருளுக்கு நடுவிலுள்ள உறவு. எல்லாம் ஜேசன் வரிகளாக ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் போய்ச் சேரும். எளிமையாக எழுதிக் காட்டினால்:

"பொருள்: பில்லிங் சேவை. உண்மை: ஒரே கோரிக்கை இரண்டு முறை வரலாம், அடையாள எண்ணைப் பார்த்துத் தவிர்க்க வேண்டும்.
உறவு: இரவு அறிக்கை, ஆர்டர் டேபிளை, நம்பியிருக்கிறது."

அந்த உறவு வரிதான் கிராஃபின் பலன். ஆர்டர் டேபிளைத் தேடும்போது இரவு அறிக்கையும் கூடவே கண்ணில் படுகிறது.

சர்வரை இணைத்ததோடு உதவியாளர் தானாக நினைவைப் பயன்படுத்தத் தொடங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கருவி கையில் இருப்பது அதற்குத் தெரியும். எப்போது எடுப்பது என்பது தெரியாது. விதி ஃபைலில் சொல்ல வேண்டும்: "புதிய வேலை தொடங்கும் முன், அதில் வரும் சேவைகளின் பெயரை மெமரியில் தேடு. கோடைப் பார்த்தால் தெரியாத உண்மை ஒன்று கிடைத்தால், என்னிடம் கேட்டுவிட்டு மெமரியில் சேர்." கேட்டுவிட்டு என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். விட்டால் "பயனர் டெஸ்டை ஓட்டச் சொன்னார்" போன்ற குப்பையெல்லாம் சேரும்.

இரண்டு குறையையும் சொல்லிவிடுகிறேன். இதன் தேடல் வெறும் சொல் பொருத்தம்தான். "பணம் கட்டுதல்" என்று தேடினால் "பில்லிங்" கிடைக்காது. அதனால் பெயர்களை எப்போதும் ஒரே மாதிரி எழுத வேண்டும். முழு கிராஃபையும் படிக்கும் கருவி ஒன்றும் இதில் உண்டு. குறிப்புகள் பெருகிய பின் உதவியாளர் அதை அழைத்தால் எல்லாம் கான்டெக்ஸ்டுக்குள் கொட்டிவிடும். தேடலை மட்டும் பயன்படுத்து என்று சொல்லி வையுங்கள்.

அதற்கு மேலும் வேண்டுமென்றால்

பேசிக் மெமரி எனக்குப் பிடித்தது. நினைவு முழுவதையும் உங்கள் கணினியில் மார்க்டவுன் ஃபைல்களாகவே வைக்கிறது. தேடுவதற்கு மட்டும் எஸ்கியூலைட் (ஒரே ஃபைலில் அடங்கும் சின்ன டேட்டாபேஸ்) அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் கட்டிக்கொள்கிறது. இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் இன்னொரு குறிப்பின் பெயரை எழுதினால் அது உறவாகிவிடும். அப்சிடியன் என்ற குறிப்பு ஆப்பில் திறந்து படிக்கலாம், கையால் திருத்தலாம், கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கருவியில்) வைக்கலாம். உதவியாளர் தப்பாக எழுதியதைத் திருத்த ஒரு டெக்ஸ்ட் எடிட்டரே போதும் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. உரிமம் ஏஜிபிஎல் (மாற்றியதைச் சேவையாகத் தந்தால் மூலக் குறியீட்டையும் தரச் சொல்லும் உரிமம்); அதைத் தங்கள் சேவைக்குள் சேர்த்து வெளியிட நினைப்பவர்கள் அந்த உரிமத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

செரீனா வேறு திசையிலிருந்து வருகிறது. எடிட்டர்கள் பயன்படுத்தும் லாங்வேஜ் சர்வர்களைக் கொண்டு, இந்த ஃபங்ஷன் எங்கே இருக்கிறது, யார் யார் அழைக்கிறார்கள் என்று கோடைப் பெயர் வாரியாகத் தேடித் தருவதுதான் அதன் முதல் வேலை. கூடவே, ஒரு ப்ராஜெக்டை முதல்முறை திறக்கும்போது அதைச் சுற்றிப் பார்த்துத் தான் கற்றதை ப்ராஜெக்டுக்குள்ளேயே மார்க்டவுன் குறிப்புகளாக எழுதி வைக்கிறது. பெரிய பழைய ரெப்போவில் இறங்குபவர்களுக்கு நல்ல துணை. அது எழுதிய முதல் குறிப்புகளை ஒரு தடவை நீங்களே படித்துப் பாருங்கள். அங்கே நுழையும் தப்பு நெடுநாள் நிற்கும்.

சொல் பொருத்தம் போதாது, பொருள் பொருத்தம் வேண்டும் என்றால் எம்பெடிங் பக்கம் போக வேண்டும். டெக்ஸ்டை எண்களின் வரிசையாக்கி, பொருளில் நெருங்கியவற்றைத் தேடும் முறை அது. மெம்ஜீரோ இந்த வகை. உரையாடலிலிருந்து உண்மைகளை ஒரு மொழி மாடலே பிரித்தெடுக்கும். தொடக்கப் பதிப்புகளில், ஏற்கெனவே உள்ளதோடு ஒப்பிட்டுச் சேர்ப்பதா, திருத்துவதா, அழிப்பதா என்றும் அதுவே முடிவு செய்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதை உண்மை என்று எடுத்தது என்பதை நாம் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியிருக்கிறது. மாடலாக ஓப்பன்ஏஐ-க்குப் பதில் ஒல்லாமா வழியாக உங்கள் கணினியிலேயே ஓடும் ஒன்றையும் கொடுக்கலாம். வேலை செய்யும் இடத்தின் கோட் வெளியே போகக் கூடாதென்றால் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஜெப் நிறுவனத்தின் கிராஃபிட்டி, காலத்தையும் சேர்த்து நினைவில் வைக்கும் கிராஃப். ஓர் உண்மை எப்போதிலிருந்து எப்போது வரை செல்லும் என்று குறித்துக்கொள்ளும். முரணான புதிய தகவல் வந்தால் பழையதை அழிக்காமல் "இனி செல்லாது" என்று மூடி வைக்கும். "மார்ச்சில் எந்த க்யூவைப் பயன்படுத்தினோம்?" என்ற கேள்விக்கு இதனால்தான் விடை கிடைக்கும். நியோ4ஜே அல்லது ஃபால்கர்டிபி போன்ற கிராஃப் டேட்டாபேஸ் ஓட வேண்டும், ஒவ்வொரு தகவலைச் சேர்க்கும்போதும் மாடலுக்கு அழைப்பு போகும். தனி ஆளுக்கு இது அதிகம்.

லெட்டாவை, அதாவது 2023-இல் பெர்க்லியிலிருந்து வந்த மெம்ஜிபிடி ஆய்வின் தொடர்ச்சியை, சொந்தமாக ஏஜென்ட் கட்டுபவர்கள் பார்க்க வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டம் ரேமுக்கும் டிஸ்குக்கும் நடுவில் பக்கங்களை மாற்றுவதுபோல, மாடலே தன் கான்டெக்ஸ்டுக்கும் வெளிச் சேமிப்புக்கும் நடுவில் தகவலை மாற்றிக்கொள்ளும் யோசனை அது.

படி 5: நினைவு வேலை செய்கிறதா என்று சோதிப்பது

பலரும் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். புத்தம் புதிய செஷன் ஒன்றைத் திறந்து, ஐந்து கேள்வி கேளுங்கள். படி 1-இல் எழுதிய பட்டியலிலிருந்தே எடுக்கலாம். நான் கேட்பவற்றில் ஒன்று: "ஆர்டர் தேதியை முறையான நேர டைப்பாக மாற்ற ஒரு மைக்ரேஷன் எழுது." (மைக்ரேஷன் என்பது டேட்டாபேஸின் வடிவத்தை மாற்றும் ஸ்கிரிப்ட்.) நினைவு வேலை செய்தால் அது மறுக்க வேண்டும், காரணத்தோடு. கேள்வியில் "நினைவில் தேடு" என்று எந்தக் குறிப்பும் தரக் கூடாது. தானாகத் தேடுகிறதா என்பதுதான் சோதனையே.

தவறினால் எங்கே தவறியது என்று பாருங்கள். எழுதப்படவே இல்லையா? எழுதியிருந்தும் தேடவில்லையா? தேடியும் கிடைக்கவில்லையா? கிடைத்தும் பொருட்படுத்தவில்லையா? உதவியாளர் அழைத்த கருவிகளின் பட்டியலைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். முதலாவது நம் பழக்கத்தின் குறை. இரண்டாவதற்கு விதி ஃபைலில் ஒரு வரி, மூன்றாவதற்குப் பெயரைச் சீராக்குவது. நான்காவது வந்தால், விதி ஃபைல் நீண்டுபோய்விட்டது என்று அர்த்தம்; வெட்டுங்கள்.

படி 6: களை எடுப்பது

நினைவே இல்லாத உதவியாளரைவிடப் பழைய நினைவோடு இருக்கும் உதவியாளர் அதிகத் தொல்லை தரும். எங்கள் டெஸ்டுகளுக்கு முன்பு ரெடிஸ் என்ற மெமரி டேட்டாபேஸ் தேவைப்பட்டது. பிறகு அதை எடுத்துவிட்டோம். நினைவில் மட்டும் "டெஸ்டுக்கு முன் ரெடிஸை ஓடவிடு" என்ற வரி தங்கிவிட்டது. மாதக்கணக்கில் அது ஒவ்வொரு முறையும் ரெடிஸ் கன்டெய்னரைக் கிளப்பிக்கொண்டிருந்தது. ஒரு நாள் போர்ட் மோதி டெஸ்ட் விழுந்தபோது, ரெடிஸ் வரவில்லை என்பதுதான் காரணம் என்று தீர்மானித்து, எடுத்துவிட்ட கான்ஃபிகையெல்லாம் திரும்ப எழுதத் தொடங்கியது. கோட் சொல்வதைவிட நினைவு சொல்வதை நம்பிவிட்டது.

அதிலிருந்து இரண்டு பழக்கம். ஒவ்வொரு குறிப்பிலும் தேதி இருக்கும். விதி ஃபைலின் முதல் வரியே "நினைவும் கோடும் முரண்பட்டால் கோடை நம்பு, முரணை என்னிடம் சொல்" என்பதுதான். அப்புறம், மாதம் ஒருமுறை உதவியாளரிடமே வேலையைக் கொடுக்கிறேன்: "ஒவ்வொரு குறிப்பையும் இன்றைய கோடோடு ஒப்பிடு. பொய்த்துப்போனவை, இரட்டித்தவை, கோடிலேயே தெரிபவை என மூன்று பட்டியல் கொடு. நீயாக எதையும் அழிக்காதே." பட்டியலைப் பார்த்து நான் அழிக்கிறேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனதில்லை.

எதை ஒருபோதும் வைக்கக் கூடாது

கடவுச்சொல், ஏபிஐ சாவி, வாடிக்கையாளரின் விவரம் எதுவும் நினைவுக்குள் போகக் கூடாது. தானாகக் குறிப்பெடுக்கும் கருவிகளில் இந்த ஆபத்து அதிகம். பிழைச் செய்தியை ஒட்டும்போது அதோடு சேர்ந்து டேட்டாபேஸ் முகவரியும் கடவுச்சொல்லும் உள்ளே போய்விடும். கிட்லீக்ஸ் போன்ற ஓப்பன் சோர்ஸ் ஸ்கேனரை நினைவு ஃபோல்டரின் மீதும் ஓட்டுங்கள்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. உதவியாளர் வெளியிலிருந்து படிக்கும் எதிலும், ஒரு பேக்கேஜின் ரீட்மீயிலோ ஓர் இஷ்யூவிலோ, யாராவது கட்டளைகளை ஒளித்து வைக்கலாம். நினைவு இல்லாதபோது அதன் பாதிப்பு அந்த செஷனோடு முடியும். நினைவுக்குள் நுழைந்துவிட்டால் அடுத்து வரும் ஒவ்வொரு செஷனிலும் அது பேசும். நினைவு ஃபைல்களை கிட்டில் வைக்கச் சொல்வதற்கு எனக்கு இதுவே பெரிய காரணம்: புதிதாக என்ன சேர்ந்தது என்பது டிஃபில் (பழையதுக்கும் புதியதுக்கும் உள்ள வேறுபாட்டில்) தெரியும், தப்பாக இருந்தால் ஒரு கட்டளையில் பின்னால் போகலாம்.

குழுவாக வேலை செய்பவர்களுக்கு

விதி ஃபைலும் முடிவுகள் ஃபைலும் ரெப்போவுக்குள், எல்லாருக்கும் பொது. அவற்றில் வரும் மாற்றம் கோட் மாற்றம் போலவே ரிவ்யூ வழியாகத்தான் போக வேண்டும். நடப்பு ஃபைல் அவரவருக்குத் தனி. அதை கிட் இக்னோரில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் தினமும் மெர்ஜ் மோதல்தான். கிராஃப் சர்வரின் ஜேசன் வரிகள் ஃபைலையும் பலர் ஒரே நேரத்தில் எழுதும் பொதுச் சொத்தாக்க வேண்டாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் மிதித்துவிடுவார்.

ஒரு பழக்கம் மட்டும் எங்கள் குழுவில் நன்றாக ஒட்டிக்கொண்டது. ரிவ்யூவில் யாராவது "இதை ஏன் இப்படி வைத்திருக்கிறோம் என்றால்..." என்று விளக்கம் எழுதினால், அந்த விளக்கத்தை அப்படியே முடிவுகள் ஃபைலில் சேர்க்கும் கமிட்டும் அதே பிராஞ்சில் வர வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் முதல் வாரம் அந்த ஃபைலைத்தான் முழுக்கப் படித்தார். தேதி ஃபீல்டைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவே இல்லை.